அடினின் கொடுத்தும் வளராத ஈ. கோலை: யாராவது வழி சொல்லுங்கள்

அண்ணாமார், அக்காமார், வணக்கம். வெள்ளவத்தையில் அறை எடுத்து இறுதி ஆண்டு ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். பியூர்-எஃப் ஜீன் நீக்கிய ஈ. கோலை பாக்டீரியா ஒன்று கையில் இருக்கிறது. பியூரின் (டிஎன்ஏவுக்கு வேண்டிய அடினின், குவானின் வகை) தயாரிக்கும் பாதையின் முதல் நொதிக்கான ஜீன் அதுதான், பிஆர்பிபி என்ற சர்க்கரை பாஸ்பேட்டில் குளுட்டமினின் நைட்ரஜனை ஏற்றிவிடுகிற வேலை. சரி, அது இல்லாவிட்டால் வெளியிலிருந்து அடினின் கொடுத்தால் போதும் என்று நினைத்து, குளுக்கோஸ் போட்ட எம்9 (வெறும் உப்புகள் உள்ள ஊடகம்) தட்டில் அடினினும் கலந்து 37 பாகையில் 2 நாள் வைத்தேன். ஒன்றுமே இல்லை! எல்லாச் சத்தும் உள்ள எல்பி தட்டில் நன்றாக வருகிறது, ஜீன் நீக்காத தாய் வகை அதே எம்9இல் அடினின் இல்லாமலே வளர்கிறது, ஆகவே உப்புகளில் பிழை இருக்காது.

நேற்று காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போதுதான் தயமின் (விட்டமின் பி1) ஞாபகம் வந்தது. பாதையின் நடுவில் உருவாகும் ஏஐஆர் என்ற பொருளிலிருந்துதானே பாக்டீரியா தயமினின் பிரிமிடின் பகுதியையும் செய்கிறது? முதல் படியே அடைபட்டால் அதுவும் நின்றுபோகும், அடினினால் அதை ஈடுகட்ட முடியாது.

இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தயமின் எவ்வளவு போடுகிறீர்கள், வடிகட்டித்தான் சேர்க்க வேண்டுமா? பார்மசியில் பி1 குளிசை வாங்கி அரைத்துப் போடு என்கிறான் அறை நண்பன், குளிசையில் வேறு என்னென்னவோ கலந்திருக்கும், எனக்கு மனமில்லை. கொழும்புக்குள் யாரிடமாவது சுத்தமான தூள் இருந்தால் நானே வந்து எடுக்கிறேன், ஒரு கிராம்கூட வேண்டாம்.