இம்பீச்மென்ட்டுக்குப் "பதவிநீக்கம்" சரியா?

"பதவிநீக்கம்" என்றே வைத்துக்கொள்ளலாம், செய்தித்தாள்களில் பழகிவிட்டது என்கிறீர்கள். பழகியது உண்மைதான், ஆனால் தப்பாகப் பழகியிருக்கிறது. இம்பீச்மென்ட் என்றால் அதிபர் போன்ற உயர்பதவியாளர் மீது அவை முறைப்படி குற்றஞ்சாட்டுவதுதான், பதவி போகுமா என்பது அதன் பிறகு நடக்கும் விசாரணையில்தான் தெரியும். 1868-இல் அமெரிக்க அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனைப் பிரதிநிதிகள் சபை இம்பீச் செய்தது. மேலவையான செனட்டில் விசாரணை முடிந்து வாக்கெடுத்தால் குற்றவாளி என்று 35 பேர், இல்லை என்று 19 பேர். பதவியைப் பறிக்க மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 36 பேர் வேண்டும். மனிதர் ஒரே ஒரு வாக்கில் தப்பித்து, மிச்சப் பதவிக்காலத்தையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அவரைப் போய்ப் "பதவிநீக்கம் செய்யப்பட்டவர்" என்று எழுதினால் பச்சைப் பொய் ஆகாதா? கிளின்டனையும் செனட் விடுவித்துவிட்டது, டிரம்ப்பை இரண்டு தடவையும் விடுவித்துவிட்டது. நிக்சன் கதை தலைகீழ்: சபை வாக்கெடுக்கும் முன்பே 1974-இல் ராஜினாமா செய்துவிட்டார், அவரை இம்பீச் செய்யவே இல்லை.

இலங்கையில் சொல்லும் "குற்றப்பிரேரணை" எனக்குப் பிடித்த சொல். என்ன, பிரேரணை என்றால் அவையில் முன்வைப்பதோடு சரி, அது நிறைவேறிய பிறகு அதிபரை என்னவென்று சொல்வது? வினைச்சொல்லாக வளைய மாட்டேன் என்கிறது.

அதனால் "அவைக்குற்றச்சாட்டு" என்று வைக்கலாமா? அவை குற்றஞ்சாட்டியது, அவையால் குற்றஞ்சாட்டப்பட்ட அதிபர் என்று எப்படித் திருப்பினாலும் நிற்கிறது. இந்திய அரசமைப்பின் 61-ஆம் பிரிவும் இதே கணக்குதான், குடியரசுத் தலைவர் மீது ஓர் அவை குற்றஞ்சாட்டினால் மற்ற அவை விசாரிக்க வேண்டும். தென்கொரியாவில் அதிபர் பார்க் கியுன்-ஹே மீது நாடாளுமன்றம் 2016 டிசம்பரில் வாக்களித்தது, அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிப் பதவி போனது 2017 மார்ச்சில். டிசம்பரில் நடந்தது அவைக்குற்றச்சாட்டு, மார்ச்சில் நடந்தது பதவிநீக்கம். இரண்டு சொல்லுக்கும் தனித்தனியாக வேலை இருக்கிறது பாருங்கள்.

அப்புறம், "கண்டனத் தீர்மானம்" என்பதை இதில் கலக்க வேண்டாம். அது வெறும் திட்டு, பதவிக்கு ஆபத்தில்லை. 1834-இல் அப்போதைய அமெரிக்க அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனைச் செனட் கண்டித்தது, 1837-இல் அவருடைய ஆட்கள் கை ஓங்கியதும் அவைக் குறிப்பேட்டை எடுத்து வரவைத்து அந்தப் பதிவைச் சுற்றிக் கறுப்புக் கோடு போட்டு, நீக்கப்பட்டது என்று குறுக்கே எழுதிவிட்டார்கள்!

நீளமான சொல், தலைப்பில் அடங்காது என்பீர்கள், தெரியும். சின்னதாக ஒன்று யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள், ஆனால் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடும் சொல்லாக இருக்கக்கூடாது.