குளோரின் 2 காட்டுகிறது, சுவரோ வழுக்குகிறது: இப்படியே குளத்தை மூடலாமா?

கேள்வி:
வணக்கம். போன வருடம் குளிர் காற்று வீசத் தொடங்கியதுமே வீட்டு நீச்சல் குளத்தை மூடிவிட்டேன். வசந்தத்தில் உறையை எடுத்தால் முதல் படிகூடத் தெரியாத அளவுக்குக் கரும்பச்சை. மூன்று வாரம் பிள்ளைகளை இறங்க விடவில்லை. மறுபடியும் அப்படி ஆகக் கூடாது.

இன்று அளந்தது: குளோரின் 2, பிஎச் 7.9, காரத்தன்மை 90, சயனூரிக் அமிலம் 110. தண்ணீர் 21 டிகிரி. குளத்தின் உள்விரிப்பு வினைல் லைனர் (பிளாஸ்டிக் தாள்). கோடை முழுக்க மிதவையில் மாத்திரைதான் போட்டேன். சுவரைத் தடவினால் வழுவழுப்பு. இந்த வாரமே மூடலாமா?

பதில் 1:
வேண்டாம், பொறுங்கள். உங்கள் பட்டியலில் என்னைக் கவலைப்படுத்துவது அந்த சயனூரிக் அமிலம் 110. மாத்திரை என்பது டிரைகுளோர், குளோரினும் சயனூரிக்கும் சேர்ந்த பொருள். அது 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் பத்துப் பங்கு) குளோரின் தரும்போது கூடவே சுமார் 6 பிபிஎம் சயனூரிக் அமிலத்தையும் சேர்த்துவிடும். குளோரின் வெயிலில் போய்விடும், சயனூரிக் தங்கிவிடும். அளவாக இருந்தால் குளோரினை வெயிலிலிருந்து காப்பாற்றும். மிஞ்சினால் குளோரினைப் பிடித்து வைத்துக்கொண்டு வேலை செய்ய விடாது. குளோரின் சயனூரிக்கில் 7.5 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் கணக்கு. 110க்கு 8 வேண்டும், உங்களிடம் 2. பாசி வராமல் என்ன செய்யும்? நானும் இரண்டு வருடம் இதே மாத்திரையை நம்பிப் பட்டிருக்கிறேன்.

தண்ணீரை மாற்றினால்தான் குறையும். ஆனால் குளத்தை ஒரேயடியாகக் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் அழுத்தினால் லைனர் மேலே எழும்பிவிடும். மூன்றில் ஒரு பங்கை இறைத்து நிரப்புங்கள், அதையே இன்னொரு தடவை. 110 ஏறக்குறைய 49க்கு வரும்.

அப்புறம் அமிலம் விட்டு பிஎச்சை 7.4க்குக் கொண்டுவாருங்கள். இதை முதலில் செய்வது முக்கியம், குளோரின் 10க்கு மேல் போனால் பிஎச் சோதனை சரியாகக் காட்டாது. பிறகு திரவக் குளோரினால் 20க்கு ஏற்றி, பம்பை நிறுத்தாமல் ஓட்டி, சுவரை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். குளோரின் குறையக் குறைய ஊற்றி அதே அளவில் வைத்திருங்கள். இரவில் அளந்ததற்கும் விடியுமுன் அளந்ததற்கும் வித்தியாசம் 1க்குள் வந்தால் பாசி செத்தது என்று அர்த்தம். மூடுவதைத் தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 2:
வேதியியல் சரி, குழாயையும் கவனியுங்கள். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும். எனக்குப் பம்பின் உடல் வெடித்ததற்குக் காரணம் நான் கழற்ற மறந்த ஒரே ஒரு வடிகால் திருகு. இப்போது கழற்றிய திருகுகளைப் பம்பின் கூடைக்குள்ளேயே போட்டு வைக்கிறேன், வசந்தத்தில் தேட வேண்டியதில்லை. நீர்மட்டத்தை ஸ்கிம்மர் (மிதக்கும் குப்பையை இழுக்கும் சுவர்த் திறப்பு) வாய்க்குக் கீழே இறக்கி, குழாய்களில் காற்றை ஊதி, ஈரம் போனதும் அடைப்பான் போடுங்கள். ஃபில்டர், ஹீட்டர் இரண்டையும் வடித்துவிடுங்கள். குழாயில் ஆன்டிஃப்ரீஸ் (உறையாமல் தடுக்கும் திரவம்) ஊற்றுவதானால் புரொப்பிலீன் கிளைகால் மட்டும். காருக்கு ஊற்றுவது விஷம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. நாளைக்கே இறைக்கத் தொடங்குகிறேன். உறைக்கு அடியில் மாத்திரை மிதவையை விட்டுவைக்கலாமா?

பதில் 1:
கூடாது. அது ஒரே இடத்தில் ஒதுங்கி நின்றால் அந்த இடத்தில் லைனர் வெளுத்துவிடும். இன்னொன்று, மாத்திரை போட்ட மிதவையில் கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணையை ஒருபோதும் போடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கவும் செய்யலாம். பாசிக்கொல்லி சேர்ப்பதானால் பாலிகுவாட் 60 வாங்குங்கள். குளோரின் 5க்குக் கீழே இறங்கிய பிறகு ஊற்றுங்கள், அதிகமாக இருந்தால் குளோரினே அதைச் சிதைத்துவிடும். இரண்டாவது தடவை நிரப்பியதும் சயனூரிக்கை அளந்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.