மல்லிகை நாற்றுகளை வெளியூர்களுக்கு வாடாமல் அனுப்புவது எப்படி?

மேலூர்த் தோட்டம்:
வணக்கம். மேலூர் அருகே வீட்டை ஒட்டிய நிலத்தில் மதுரை மல்லி, செம்பருத்தி, அடீனியம் ஆகியவற்றின் நாற்றுகளை வளர்த்து விற்று வருகிறேன். இதுவரை நேரில் வந்து வாங்கியவர்களே மிகுதி. இப்போது வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டுக் கோயம்புத்தூர், பெங்களூரு போன்ற ஊர்களிலிருந்தும் கேட்கிறார்கள். நன்றாகத் தண்ணீர் ஊற்றி, வளர்ப்புப் பையோடு அட்டைப்பெட்டியில் வைத்துக் கூரியரில் அனுப்பிய மல்லிகை நாற்றுகள், போய்ச் சேர்ந்தபோது இலைகள் பழுத்து உதிர்ந்தும், மண் பெட்டி முழுவதும் சிதறியும் கிடந்தன. இந்தத் தொழிலில் உள்ளவர்கள் எப்படிக் கட்டி அனுப்புகிறீர்கள் என்று விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

திருமங்கலம் நர்சரி:
தண்ணீர் இருந்தால் செடி பிழைக்கும் என்று நாம் நினைக்கிறோம். வழியில் செடியைக் கெடுப்பது பெரும்பாலும் மிகுதியான ஈரம்தான். சொதசொதவென்ற மண்ணும் நனைந்த இலைகளும் காற்றில்லாத பெட்டிக்குள், அதுவும் வெயிலில் நிற்கும் வண்டியில் புழுங்கும்போது, வேர் மூச்சுவிட வழியின்றி அழுகத் தொடங்கும். இலையில் பூஞ்சை படரும். ஆகவே அனுப்புவதற்கு முந்தைய நாள் மாலையில் வேர்ப்பகுதிக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மறுநாள் மண் கையில் ஒட்டாத பதத்துக்கு வந்த பின்னரே கட்டுங்கள்.

இலை பழுத்து உதிர்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. அடைத்த இடத்தில், செடியிலிருந்து வெளியாகும் எத்திலீன் வாயு தேங்கி இலைகளையும் மொட்டுகளையும் உதிர்த்துவிடும். வாடும் பூக்கள் அந்த வாயுவை மேலும் கூட்டும். மொட்டு, பூ, பழுத்த இலை எல்லாவற்றையும் தயங்காமல் கிள்ளிவிட்டு, பெட்டியின் மேற்பகுதியில் பக்கவாட்டில் சில துளைகள் இடுங்கள். மொட்டோடு அனுப்பினால் வாங்குபவர் மகிழ்வார் என்பது உண்மைதான். ஆனால் அந்த மொட்டு அவர் கையில் மலர்வது அரிது.

மண் சிதறாமல் இருக்க, லேசாக ஈரமாக்கிய செய்தித்தாளை மண்ணின் மேல் அழுத்தி வைத்து, பையின் வாயைத் தண்டோடு சேர்த்துச் சணலால் கட்டிவிடுங்கள். பிறகு பையைப் பெட்டியின் அடிப்பகுதியோடும் சுவரோடும் டேப் போட்டு இறுக்கி, இடைவெளிகளில் கசக்கிய தாளைத் திணியுங்கள். மூடியதும் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒருமுறை குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதேனும் அசைந்தால் மறுபடியும் பிரித்துக் கட்டுவதே நல்லது. அம்புக்குறி போட்டு ‘மேற்புறம்’ என்று எழுதலாம், ஆனால் அதை நம்பிக் கட்டக் கூடாது.

பரவை வாசகர்:
மல்லிகையை மண்ணோடு அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. மதுரை மல்லி நாற்றுக்குப் பெயர்பெற்ற தங்கச்சிமடத்தில் வேர்விட்ட குச்சிகளாகவே நாற்றுகள் தயாராகின்றன. அதே முறையில், மண்ணை உதறிவிட்டு, பிழிந்தெடுத்த தென்னைநார்க் கழிவை வேரைச் சுற்றி வைத்து, அந்தப் பகுதியை மட்டும் பாலித்தீன் தாளால் கட்டி, இலைகளில் பாதியைக் கத்தரித்துவிட்டால் நீரிழப்பும் குறையும், எடையும் குறையும்.

செலவில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பல கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எடைக்குக் கட்டணம் வாங்குகின்றன. 40×20×20 அளவுள்ள பெட்டிக்கு 3.2 கிலோ என்று கணக்காகும், உள்ளே இருப்பது ஒரு கிலோவே ஆனாலும். மண் நீக்கிய நாற்றுகளைப் படுக்கைவசமாக அடுக்கினால் ஒல்லியான பெட்டியே போதும்.

காலமும் முக்கியம். நவம்பர் இறுதியில் கவாத்து (கிளைகளை வெட்டிவிடுவது) முடிந்து, பனிக்காலத்தில் கொடி ஓய்ந்திருக்கும் போது அனுப்பும் நாற்று எளிதில் தாங்கும். அக்கினி நட்சத்திரத்தில் வெளியூர் ஆர்டரை நான் எடுப்பதே இல்லை. எந்தக் காலமானாலும் வாரத்தின் தொடக்கத்தில் அனுப்புங்கள். சனிக்கிழமை கொடுத்த பெட்டி ஞாயிறு முழுவதும் கிடங்கில் கிடக்கும்.

மேலூர்த் தோட்டம்:
இருவருக்கும் நன்றி. அடீனியத்துக்கும் இதே முறைதானா? வாழைக்கன்றும் ஒருவர் பெங்களூருவிலிருந்து கேட்கிறார்.

திருமங்கலம் நர்சரி:
பரவை நண்பர் சொன்னது குச்சியாக இருக்கும் இளம் நாற்றுக்குப் பொருந்தும். பையிலேயே ஓராண்டு வளர்ந்த செடியின் மண்ணை உதறினால் வேர் அறுந்துவிடும் என்பதால், அதற்கு என் முறையே பாதுகாப்பு. செம்பருத்தியையும் மண்ணோடுதான் அனுப்புகிறேன்.

அடீனியம் அடித்தண்டில் நீரைச் சேமித்து வைத்திருக்கும் செடி. மண்ணை நீக்கி, நிழலில் ஓரிரு நாள் வேர்க்காயங்களை உலரவிட்டு, ஈரமே இல்லாமல் செய்தித்தாளில் சுற்றி அனுப்ப வேண்டும். நடுவதற்கு முன்னும் நட்ட சில நாட்களுக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். பெட்டியைத் திறந்ததும் பரிதாபப்பட்டு ஊற்றி அழுகவைப்பவர்களே அதிகம்.

வாழைக்கன்றை மாநிலம் கடந்து அனுப்பாதீர்கள். இலைகளைக் குறுக்கி உச்சியில் கொத்தாக்கிவிடும் முடிக்கொத்து எனும் வைரஸ் நோய் கன்று வழியாகப் பரவுவதால், 1914ஆம் ஆண்டின் பூச்சி, நோய்த் தடுப்புச் சட்டத்தின்கீழ் வாழைக்கன்றுகளை மாநிலம்விட்டு மாநிலம் கொண்டு செல்வதற்குக் கட்டுப்பாடுகள் உள்ளன. அந்தப் பெங்களூரு நண்பரை அங்கேயே திசு வளர்ப்புக் கன்று (ஆய்வகத்தில் வளர்த்தெடுத்த கன்று) வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுங்கள்.

பரவை வாசகர்:
மல்லிகைப் பெட்டிக்குள்ளும் ஒரு சீட்டு தேவை. வந்தவுடன் வெயிலில் வைக்காமல் ஒரு வாரம் நிழலில் வைக்கவும், புதுத் தளிர் வரும்வரை உரம் இடாமல் இருக்கவும் அதில் சொல்லுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போதே காணொளி எடுத்து அனுப்பினால்தான் மாற்று நாற்று தரப்படும் என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்பே தெரிவித்துவிடுவது நல்லது.