பழைய ஃபியூஸ் போர்டை மாத்துனதுல இருந்து மாடிப்படி லைட் போட்டாலே ஆர்சிசிபி விழுது

படிக்கட்டு:
வணக்கம். எங்க வீடு கீழ் தளம், மாடின்னு ரெண்டு, வயரிங் போட்டு முப்பது வருஷம் ஆச்சு, இதுவரைக்கும் பீங்கான் ஃபியூஸ் கட்டைதான். போன மாசம் அம்மா வாட்டர் ஹீட்டர் குழாயைத் தொட்டப்போ சுர்ருன்னு ஷாக் அடிச்சுது, அதுக்கு மேல தள்ளிப்போட மனசில்லாம எலக்ட்ரீஷியனை வரச்சொல்லி புது டிபி பாக்ஸ் (வீட்டுக்கான சர்க்யூட் சுவிட்செல்லாம் இருக்கிற பெட்டி) மாட்டிட்டோம். கீழுக்கு ஒண்ணு மாடிக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா விழுந்து லைனை வெட்டுற சுவிட்ச்), ரெண்டும் 30 மில்லி ஆம்பியர். சர்க்யூட் எல்லாத்துக்கும் 32 ஆம்பியர் எம்சிபி (லோட் அதிகமானா தானா விழுற சுவிட்ச்), கம்மியா போட்டா அடிக்கடி விழும்னு சொன்னார். இப்போ மாடிப்படி லைட் சுவிட்சைத் தட்டின உடனே ஆர்சிசிபி விழுது, பல்பு மாத்தியும் பாத்துட்டேன். காலைல ஹீட்டர் போட்டா கீழ்தள ஆர்சிசிபி விழுது. ஆர்சிசிபியே சரியில்ல, அதைக் கழட்டிட்டு நேரா கொடுத்துடலாம்ங்கிறார். அம்மாவுக்காகத்தான் இதையே மாட்டினோம், கழட்டலாமா?

மெகர்கை:
தம்பி, கழட்ட விடாதீங்க. ரெண்டு ஆர்சிசிபியும் ஒரே நேரத்துல பழுதா வர்றது ரொம்ப அபூர்வம், அது தன் வேலையைச் சரியா செய்யுது. ஃபேஸ்ல போற கரண்ட்டும் நியூட்ரல்ல திரும்பி வர்ற கரண்ட்டும் சமமா இருக்கான்னுதான் அது பாக்கும், 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வர்றதுக்குள்ள விழுந்துடும். மாடிப்படி லைட்டுக்கு கீழ ஒரு சுவிட்ச் மேல ஒரு சுவிட்ச் இருக்குல்ல, அந்தக் காலத்துல ஃபேஸை கீழ் சர்க்யூட்ல எடுத்துட்டு நியூட்ரலை மாடில பக்கத்துல கிடைச்ச வயர்ல சேர்த்துருப்பாங்க. பழைய போர்டுல எல்லா நியூட்ரலும் ஒரே லிங்க்ல, அதாவது ஒரே கட்டைல சேர்ந்து இருந்ததால இது வெளியவே தெரியாது. இப்போ ஒரு ஆர்சிசிபி வழியா போன கரண்ட் இன்னொண்ணு வழியா திரும்புது. 9 வாட்ஸ் பல்பே 230 வோல்ட்ல கிட்டத்தட்ட 40 மில்லி ஆம்பியர் இழுக்கும், அப்புறம் எப்படி நிக்கும்?

இன்னொரு ஆபத்தும் இருக்கு. மாடி லைனை ஆஃப் பண்ணிட்டோம்னு நம்பி ஒருத்தர் அந்த நியூட்ரலைக் கழட்டினா, கீழ இருந்து பல்பு வழியா வர்ற ஃபேஸ் அந்த வயர் முனைல உயிரோட நிக்கும். நான் இதுல கை வச்சு ஏணில இருந்து விழப்பாத்தேன்.

ஹீட்டர் கதை வேற. அன்னிக்கு அம்மாவுக்கு ஷாக் அடிச்சுதுன்னா பெரும்பாலும் ஹீட்டர் பாடிக்கு எர்த் சரியா போகலன்னு அர்த்தம். இப்போ புது போர்டுல எர்த் கட்டியிருப்பார், கசியுற கரண்ட் எர்த்ல இறங்குது, ஆர்சிசிபி பிடிக்குது. ஹீட்டரைக் கழட்டி 500 வோல்ட் மெகர்ல (இன்சுலேஷன் டெஸ்ட் பண்ற மீட்டர்) எலிமென்ட்டைப் பாக்கச் சொல்லுங்க, அதுவரைக்கும் யாரும் அதைப் போடவேணாம்.

நிழல்வயர்:
எல்லாரும் ஆர்சிசிபிலயே நிக்கிறீங்க, எனக்கு அந்த 32 ஆம்பியர் எம்சிபிதான் பயமா இருக்கு. எம்சிபி வயரைக் காப்பாத்தத்தான் இருக்கு. லைட் ஃபேன் லைன்ல 1.5 ஸ்கொயர் எம்எம் வயர்தான் ஓடும், அதுக்கு 6 இல்லன்னா 10 ஆம்பியர் போதும், 2.5 வயருக்கு 16, ஏசி ஹீட்டர்னு தனியா 4 வயர் ஓடுதுன்னா 20 இல்ல 25. 32 ஆம்பியர் எம்சிபி 36 ஆம்பியர் வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேலயும் விழாம நிக்கலாம், 46 ஆம்பியர் போனாகூட விழ ஒரு மணி நேரம் எடுத்துக்கலாம். அதுக்குள்ள பைப்புக்குள்ள இருக்கிற 1.5 வயரோட இன்சுலேஷன் உருகிடும் சார். ஆர்சிசிபி இதைக் கண்டுக்காது, ஓவர்லோட் பாக்குறது அதோட வேலையே இல்ல. முப்பது வருஷ வயர் வேற, தயவுசெஞ்சு முதல்ல இதை மாத்துங்க.

படிக்கட்டு:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இன்னொரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாத்தோம். மெகர்கை அண்ணன் சொன்னதேதான், மாடிப்படி லைட் நியூட்ரல் மாடி ரூம் ஜங்ஷன் பாக்ஸ்ல முறுக்கி இருந்துச்சு, அதைப் பிரிச்சு கீழ இருந்து தனி நியூட்ரல் இழுத்துட்டார், இப்போ நிக்குது. ஹீட்டர் எலிமென்ட்ல வெடிப்பு, மாத்தியாச்சு, பாடிக்கு எர்த் வருதான்னும் செக் பண்ணிட்டார். லைட் லைன் எல்லாம் 10 ஆம்பியர் ஆயிடுச்சு. ஒரே ஒரு சந்தேகம், ஹீட்டர் எம்சிபி மட்டும் தொட்டா லேசா சூடா இருக்கு, பரவால்லையா?

மெகர்கை:
லோட் ஓடும்போது இளஞ்சூடு இருக்கும், அது சாதாரணம். கை வைக்க முடியாத சூடோ கருகுன வாடையோ வந்தா ஸ்க்ரூ லூஸ், வயர் இழைங்க சரியா உள்ள போகலன்னு அர்த்தம். நீங்களே திறக்காதீங்க, மெயினை ஆஃப் பண்ணாலும் மெயினுக்கு மேல் பக்கம் மீட்டர்ல இருந்து வர்ற வயர் உயிரோடதான் இருக்கும், அவரையே வந்து டைட் பண்ணச் சொல்லுங்க. ஆர்சிசிபில டெஸ்ட் பட்டன் இருக்கும், மாசம் ஒருதடவை அழுத்துங்க, விழலன்னா அன்னிக்கே மாத்திடணும்.