மார்கழிப் பனியில் முயலை முற்றத்தில் விடலாமா?

கொக்குவில் முயல்காரி:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பஞ்சு என்று ஒரு வெள்ளை முயல், ஒன்றரை வயது, பெட்டை. வாங்கின கூட்டுக்குள் ஒருநாளும் படுத்ததில்லை, கட்டிலுக்குக் கீழேதான் சீவியம். ஆவணி வரைக்கும் பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் முற்றத்தில் விடுவேன், மாரி தொடங்கியதோடு அது நின்றுபோனது. இப்போது நாலு நாளாக மழை இல்லை, ஆனால் விடிய நல்ல பனி. இதுவோ விடிந்ததும் கதவைப் பிறாண்டத் தொடங்கிவிடுகிறது. "பனிக்குள்ள விட்டா தடிமன் பிடிக்கும், பிறகு நீதான் அழுவாய்" என்கிறா அம்மா. முயல் காட்டு மிருகம்தானே, குளிர் என்ன செய்யும் என்கிறான் தம்பி. இணையத்தில் தேடினால் எல்லாம் வெள்ளைக்காரர் ஊர்க் கதை, தண்ணீர்ப் போத்தல் உறையாமல் எப்படிப் பார்ப்பது என்று. எனக்குக் கொக்குவிலுக்கு ஒரு பதில் வேண்டும். வெள்ளன விடலாமா? எவ்வளவு நேரம்?

வளவுக்காரன்:
யாழ்ப்பாணத்தில் என்ன குளிர் அக்கா? 23 பாகைக்கு ஸ்வெட்டர் தேடுகிற ஆட்கள் நாங்கள். விடுங்கோ, ஓடட்டும்.

சுன்னாகம் கூட்டுக்காரர்:
தம்பி, அப்படிச் சொல்லக்கூடாது. 2022 மார்கழியில் மாண்டஸ் புயல் வந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் எத்தனை மாடும் ஆடும் செத்தன என்று மறந்துவிட்டதா? பனிக்கட்டி ஒன்றும் கொட்டவில்லை. இரவிரவாக மழையில் ஊறி, அதற்கு மேல் காற்றும் அடித்ததில் விறைத்துச் செத்தவை. மாட்டுக்கே அந்தக் கதி.
நான் ஒரு காலத்தில் இருபது முயல் வரை வைத்திருந்தேன், எல்லாம் வெளியில் கூட்டில்தான். குளிரால் ஒன்றைக்கூட இழக்கவில்லை. ஒரு கார்த்திகை இரவு வாடைக்காற்றோடு சாரல் அடித்தது, வடக்குப் பக்கத்துப் படங்கை இறக்கிவிட மறந்துபோனேன், விடியப் பார்த்தால் இரண்டு குட்டி நனைந்து கட்டையாகக் கிடந்தன. பிழை என்னுடையதுதான். அன்றிலிருந்து குளிருக்குப் பயமில்லை, ஈரத்துக்கும் காற்றுக்கும்தான் பயம். பிள்ளை, வெள்ளன விடவேண்டாம். எட்டரை, ஒன்பது மணிக்குப் பனி காய்ந்து வெயில் ஏறின பிறகு விடு. முதல்நாள் பத்து நிமிடம் காணும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. மூன்று மாதம் அறைக்குள் கிடந்த முயல், ஒரேயடியாகப் புல்லில் விட்டால் கண்டபாட்டுக்குத் தின்று வயிறு ஊதிவிடும்.

ரொறன்ரோ வாசி:
நான் ஊரை விட்டு வந்து கன காலம், இங்கே இரண்டு வீட்டு முயல் இருக்கிறது. இங்கே முயலை வருடம் முழுக்க வெளியில் வைத்திருப்பவர்களும் உண்டு, ஆனால் அந்த முயல்களுக்குக் குளிர் தொடங்க முன்னரே பழைய மயிர் கொட்டி அடர்த்தியான புது மயிர் வந்துவிடும். ஹீட்டர் போட்ட வீட்டுக்குள் 21 பாகையில் கிடப்பவைக்கு அந்த அளவுக்கு மயிர் கட்டாது. அதனால் மைனஸ் 10-இல் என்னுடையவற்றை வெளியே விடுவதில்லை, விட்டாலும் வெயில் எறிக்கிற நாளில் ஐந்து நிமிடம், அதுவும் நான் பக்கத்தில் நின்று. ஒருமுறை புதுப் பனியில் துள்ளித் துள்ளி ஓடிய அழகைப் பார்த்து நின்றதில் நேரம் போனது தெரியவில்லை, உள்ளே தூக்கி வந்தால் பாத மயிருக்குள் பனி உருண்டை உருண்டையாக ஒட்டியிருந்தது, துவாயால் துடைத்து எடுக்கவே அரை மணித்தியாலம்.
காது குளிர்ந்திருக்கிறது என்று மட்டும் பயப்படாதீர்கள், முயல் உடல் சூட்டை ஆற்றுவதே காதால்தான். குறண்டிக்கொண்டு அசையாமல் இருந்தால், நடுங்கினால், உடனே உள்ளே கொண்டு போங்கள்.

கோண்டாவில்_பேராதனை:
பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிறேன், இன்னும் வைத்தியர் ஆகவில்லை, அதை நினைவில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.
உங்கள் தம்பி சொன்னது அரைவாசி சரி. நம்மூர்ப் பற்றைக்குள் ஓடுகிற காட்டு முயல் வேறு இனம், அது வளை தோண்டாது, புல்லுக்குள் பதுங்கிப் படுக்கும். பஞ்சுவின் முன்னோர் ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கம் நிலத்துக்குக் கீழே வளையில் வாழ்ந்தவை. குளிரைத் தாங்கும், ஆனால் ஒதுங்கக் காய்ந்த இடம் வேண்டும். தாங்க முடியாதது வெக்கைதான், முயலுக்கு எங்களைப்போல வியர்க்காது. 30 பாகைக்கு மேலே போனாலே கவனிக்க வேண்டும். மார்கழி, தை உங்கள் முயலுக்கு நல்ல காலம் அக்கா, சித்திரையில் வந்து இதே கேள்வியைக் கேளுங்கள், வேறு பதில் சொல்வேன்.
அம்மா சொல்லும் தடிமன், பனி பட்டு மட்டும் வருவதில்லை. கிருமி பல முயல்களின் மூக்கிலேயே சும்மா இருக்கும், நனைந்து களைத்தால், மூத்திர நெடியும் புகையும் பட்டால் தலைதூக்கும். மாரிக்கு அறைக்குள் நுளம்புத்திரி கொளுத்துகிறீர்களா? பனியைவிட அதுதான் எனக்குப் பயம். மூக்கு ஒழுகினால் அது முன்னங்காலால் துடைக்கும், உள்பக்க மயிர் சடை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் பாமசியில் கேட்டு அமொக்சிசிலின் பருக்கிவிடாதீர்கள், முயலின் குடலில் இருக்கிற நல்ல கிருமிகளை அழித்து ஆளையே கொன்றுவிடும். மிருக வைத்தியரிடம்தான் போகவேண்டும். அரை நாள் சாப்பிடாமலும் புழுக்கை போடாமலும் இருந்தாலும் அப்படித்தான், நாளைக்குப் பார்ப்போம் என்று விடக்கூடாது.
அப்புறம் வெளியே போய் வந்ததும் பின்பக்கத்தைப் பாருங்கள். அழுக்கோ ஈரமோ இருந்தால் இலையான் முட்டை இட்டு ஒரு நாளிலேயே புழு வைத்துவிடும், மழைக்குப் பிறகு இலையான் அதிகம். இதற்காகக் குளிப்பாட்ட வேண்டாம், அந்த இடத்தை மட்டும் துடைத்து நன்றாக ஈரம் உலர்த்துங்கள்.

சுன்னாகம் கூட்டுக்காரர்:
கீரியையும் தெருநாயையும் ஒருவரும் சொல்லவில்லையே. கடிக்கத் தேவையில்லை, நாய் வேலியடியில் நின்று குரைத்தாலே பயத்தில் சில முயல் செத்துப்போகும். பக்கத்தில் ஆள் நிற்கவேண்டும். அரளி நின்றால் அந்தப் பக்கம் விடாதே. வேலிக்கடியில் பத்து நிமிடத்தில் கிண்டிக்கொண்டு அடுத்த வளவுக்குப் போய்விடும், சொல்லிப்போட்டன்.

கொக்குவில் முயல்காரி:
எல்லோருக்கும் நன்றி. நுளம்புத்திரி இரவு முழுக்க எரிந்துகொண்டுதான் இருந்தது தம்பி, நேற்றிலிருந்து நிறுத்திவிட்டு வலை கட்டியிருக்கிறோம். இன்று எட்டே முக்காலுக்கு விட்டேன். முதல் ஐந்து நிமிடம் வாசற்படியை விட்டு இறங்கவே இல்லை, பிறகு மாமரத்தைச் சுற்றி ஒரே ஓட்டம். விடவே வேண்டாம் என்ற அம்மாதான் கடைசிவரை விளக்குமாறோடு நின்று காகம் கலைத்தா. பத்து நிமிடம் ஆனதும் தூக்கப் போனேன், "இன்னும் கொஞ்சம் நிக்கட்டும்" என்கிறா.