புதுப்பிப்பு: ஏர்சாஃப்ட் பிஸ்டல் திணறியது குண்டாலா, குளிராலா?

டொராண்டோ குளிரில் என் கேஸ் ப்ளோபேக் பிஸ்டல் (சுடும் ஒவ்வொரு முறையும் கேஸ் அழுத்தமே ஸ்லைடு என்ற மேல்பாகத்தைப் பின்னால் தள்ளி அடுத்த குண்டை ஏற்றும் விளையாட்டுத் துப்பாக்கி) பாதியில் திணறுகிறது, மலிவான பிபி குண்டுகள்தான் (சின்ன பிளாஸ்டிக் உருண்டைகள்) காரணமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன பலரும் குண்டைத்தான் திட்டினார்கள்.

சரி, இரண்டு காரணங்களையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்த்தாயிற்று. அதே குண்டுகள்தான், குண்டும் கேஸும் அடைத்த மேகசினை மட்டும் உடல் சூட்டில் கோட்டின் உள்பையில் வைத்திருந்து சுட்டேன். ஸ்லைடு முழுதாகப் பின்னால் போய் அடுத்த குண்டை ஒழுங்காக எடுத்தது. வெளியே கிடந்த மேகசினைப் போட்டால் ஸ்லைடு பாதி வழியிலேயே திரும்பிவிடுகிறது. அடுத்த முறை வெறும் ‘டப்’ சத்தம்தான். மேகசினில் அடைக்கும் க்ரீன் கேஸ் பெரும்பாலும் புரொப்பேன். 20 டிகிரியில் சுமார் 8 பார் இருக்கும் அதன் அழுத்தம், 0 டிகிரியில் 5-க்கும் கீழே போய்விடும். அதிலும் படபடவென்று சுட்டால் உள்ளே திரவம் ஆவியாகி மேகசின் இன்னும் ஜில்லென்று ஆகிறது.

குண்டுகளும் யோக்கியமில்லை. நல்லவை 5.95 மி.மீ.யை ஒட்டியே இருக்கும். இந்த மலிவுப் பையில் அச்சு ஒட்டிய வரி நகத்தில் இடறுகிறது. ஆனால் அது வேறு நோய்: குண்டு பேரலில் சிக்கும், இல்லையென்றால் கோணலாகப் பறக்கும். ஸ்லைடுக்கு மூச்சு வாங்காது.

அப்புறம், மேகசினை ஹீட்டர் மேல் வைக்கச் சொன்ன நண்பரே, தயவுசெய்து வேண்டாம். அழுத்தம் எகிறினால் ஆபத்து. கேஸ் தேவையில்லாமல் பேட்டரியில் ஓடும் எலெக்ட்ரிக் ரைபிள் வாங்கும்வரை எனக்கு உள்பைதான்.