எக்ஸ்பான்சிவ் சாயில்: விரிமண்ணா, பொருமுமண்ணா?

காரைக்குடியிலிருந்து:
நண்பர்களே, டிப்ளமோ சிவில் மாணவர்களுக்கான அஸ்திவாரப் பாடம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. 'எக்ஸ்பான்சிவ் சாயில்' என்பதற்கு ஒரு சொல் அவசரமாக வேண்டும். இங்கே செம்மண்ணையும் செம்பாறையையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, கமுதிப் பக்கத்துக் கரிசல் மழைக்கு உப்பிச் சுவரைத் தூக்குவதும் கோடையில் வெடிப்பதும் புதிது. 'விரிவடையும் தன்மையுள்ள களிமண்' என்று வரிக்கு வரி எழுத முடியவில்லை.

தேவகோட்டையிலிருந்து:
விரிமண். ஊறுகாய் போல வினைத்தொகை, காலம் கரந்த பெயரெச்சம். விரிந்த, விரிகின்ற, விரியும் மண் மூன்றும் அதில் அடக்கம். வேறென்ன வேண்டும்?

புதுக்கோட்டையிலிருந்து:
ஐயா, விரிவது பாதிதான். வெளிச்சுவர் ஓரத்து மண் வெயிலில் காய்ந்து சுருங்குகிறது, வீட்டு நடுவில் ஈரம் தங்கிவிடுகிறது. ஒரு பக்கம் இறங்கி ஒரு பக்கம் நிற்பதால்தான் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறது. வள்ளுவர் 'தொடிப்புழுதி கஃசா உணக்கின்' என்றாரே! உணக்கு (காயவை), உணங்கு (காய்), உணங்கல். 'உண்' என்பதே இவற்றுக்கு வேர் என்பது என் கருத்து. நீரை உண்டு விரியும், உணங்கிச் சுருங்கும். ஆகவே 'உணங்குவிரி மண்'.

தேவகோட்டையிலிருந்து:
தம்பி, குறளில் ஒரு பலம் கால் பலமாவது எடைக் கணக்கு. நாம் பேசுவது பருமனை. 'உண்' வேரை ஏற்க எனக்குச் சான்று போதாது.

பள்ளத்தூரிலிருந்து:
அண்ணே, சைட்டில் கொத்தனார் 'மண்ணு உப்புது' என்பார். ஆனால் 'உப்புமண்' என்று அச்சிட்டால் உவர் நிலம் என்று படித்துவிடுவார்கள். நனைந்த கதவு பொருமுகிறது என்கிறோமே, 'பொருமுமண்' என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

காரைக்குடியிலிருந்து:
எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் மண் எவ்வளவு விரியும் என்று அளக்கும் சோதனையின் பெயரும் இதிலிருந்தே வர வேண்டும். 10 கிராம் மண்ணைத் தண்ணீரிலும் இன்னொரு 10 கிராமை மண்ணெண்ணெயிலும் 24 மணி நேரம் விடுகிறோம். இந்த மண்ணிலுள்ள மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமத்தின் தகடுகளுக்கு இடையே தண்ணீர் புகுந்து விலக்கும், மண்ணெண்ணெயால் அது முடியாது. இரண்டு பருமனுக்கும் உள்ள வித்தியாசம், மண்ணெண்ணெயில் உள்ள பருமனில் எத்தனை சதவீதம் என்பதுதான் குறியீடு. 'பொருமல் குறியீடு' என்றால் வகுப்பு வயிற்றைத்தான் நினைக்கும். 'விரிவுக் குறியீடு' சரியாக நிற்கிறது. ஆகவே விரிமண் என்றே கொடுக்கிறேன்.

புதுக்கோட்டையிலிருந்து:
சரி, அச்சிடுங்கள். நான் உடன்படவில்லை என்பது பதிவில் இருக்கட்டும். கோடை வெடிப்பைச் சொல்லாத பெயர் அரைப் பெயர்தான். அப்புறம், ஈரம் ஏறி இறங்காத ஆழம் வரை இறக்கி, அடியைக் குமிழ்போல் அகலமாக்கும் அஸ்திவாரத் தூணான அண்டர்ரீம்டு பைலுக்கு அதே பாடத்தில் என்ன சொல் போட்டிருக்கிறீர்கள்?